மன்றத்தின் மேல் பழி

2019 மார்ச் 20 இரவு, பிரிட்டன் பிரதமர் தெரசா மே தொலைக்காட்சியில் தோன்றி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட்டின் இழுபறிக்கு எம்.பி.க்களே காரணம் என்று மக்களிடம் முறையிட்டார். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதற்கு முன், ஜனவரி 15 அன்று, அவருடைய விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432-க்கு 202 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் சொந்தக் கட்சிக்காரர்கள்! யாருடைய தயவில் ஆட்சி நடந்ததோ, அந்த வட அயர்லாந்து டியுபி எம்.பி.க்கள் 10 பேரும் எதிர்த்தார்கள். 2017 தேர்தலில் மக்கள் அவருக்குத் தனிப் பெரும்பான்மை தரவில்லை. தராதபோது நாலு பேரிடம் பேசித்தான் ஆக வேண்டும். எதிர்க்கட்சியோடு முறையான பேச்சுவார்த்தை தொடங்கியதே ஏப்ரலில்தான்.

மன்றத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டு, ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை தராமல் எம்.பி.க்கள் கலைந்தார்கள். ஆனால் அது எதையும் தேர்ந்தெடுக்காத குற்றம். அரசை மறித்த குற்றம் அல்ல. மறிப்பது அவர்கள் உரிமை.

மே பழி போட்டதோடு நின்றார்; அடுத்துப் பிரதமராக வந்த போரிஸ் ஜான்சன் மன்றத்தையே ஐந்து வாரம் முடக்கப் பார்த்தார். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். மறுநாளே மன்றம் கூடியது.