நல்ல தகடு தென்படும் வரை

நுழையும்முன்

தொழிலறிவு ஏட்டில் மட்டும் தங்குவதன்று. கையிலும் கண்ணிலும் செவியிலும் தங்குவது. சென்னையில் உருவான பழைய மகிழுந்து ஒன்றின் துருப்பிடித்த உடற்பகுதியை, திருவண்ணாமலையில் ஒரு குடும்பம் தன் வீட்டுக் கொட்டகையிலேயே சீரமைத்த பட்டறிவை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வேதியியலும் கைத்தொழிலும் வாழ்வியல் அறமும் ஒன்றையொன்று தொடும் இடத்தை இதில் காணலாம்.

இரும்பின் இயல்பு

இரும்பு மண்ணிலிருந்து பிறந்தது. மீண்டும் மண்ணாகவே விரும்புகிறது. இயற்கையில் இரும்பு பெரும்பாலும் ஆக்சிஜனோடு கூடிய தாதுவாகவே கிடைக்கிறது. உலையின் கடும் வெப்பத்தில் அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துத்தான் மனிதன் இரும்பைப் பெறுகிறான். காற்றும் ஈரமும் ஒருங்கே கிடைத்தால், இரும்பு தான் இழந்த ஆக்சிஜனை மீண்டும் சேர்த்துக்கொள்கிறது. நீரேறிய அந்த இரும்பு ஆக்சைடையே நாம் துரு என்கிறோம். துரு என்பது இரும்பு தன் பிறப்பிடத்திற்குத் திரும்பும் வழி.

அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்வதுதான். ஆனால், அதன்மேல் உருவாகும் ஆக்சைடு படலம் இறுகப் பற்றிக்கொண்டு உட்பகுதியைக் காக்கிறது. இரும்பின் துருவோ அத்தகையதன்று. அது தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும். மறுபடியும் துரு தொடங்கும். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இது விரைந்து நிகழும்.

ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் தில்லி இரும்புத்தூண் இதற்கு விதிவிலக்கு. ஏழு மீட்டருக்கும் மேல் உயரமும் ஆறு டன்னுக்கும் மேல் எடையும் கொண்ட அத்தூணில் பாஸ்பரஸ் மிகுந்துள்ளது. அதனால் உருவான மெல்லிய காப்புப் படலமே அதைக் காத்து வருகிறது என்பது அறிஞர் கருத்து. நம் மகிழுந்தின் தகட்டுக்கு அந்தப் பேறு இல்லை. ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள அத்தகட்டுக்கு வண்ணப்பூச்சே கவசம். கவசத்தில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் போதும். துரு உள்ளே நுழைந்துவிடும்.

வண்டலூரில் பிறந்த வண்டி

எங்கள் வீட்டிலிருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த மகிழுந்து அது. அதன் வடிவத்தை வரைந்தவர் ஜியோவானி மிச்செலோட்டி என்னும் இத்தாலியர். இந்தியாவில் அதை உருவாக்கியது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். 1961ஆம் ஆண்டு முதல் வண்டலூரை ஒட்டிய ஆலையிலிருந்து ஹெரால்டுகள் வெளிவந்தன. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடரும், மும்பையிலிருந்து ஃபியட்டும் வந்துகொண்டிருந்த காலத்தில், தமிழ்நாட்டு மண்ணிலிருந்து புறப்பட்ட மகிழுந்து இதுவே.

எங்கள் வண்டி 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நான்கு கதவுகள் கொண்டது. மணிலாக் கொட்டை மண்டி வைத்திருந்த என் தாத்தா அதை இரண்டாம் கையாக வாங்கினார். அப்போது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. போளூர், செங்கம், வேட்டவலம் என்று சந்தைதோறும் அவ்வண்டி போய் வந்தது. நள்ளிரவில் பேறுகால வலி கண்ட அண்டைவீட்டுப் பெண்களை வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுதான். ஹெரால்டு மிகச் சிறிய வட்டத்திற்குள் திரும்பவல்லது. அதற்கு ஏறத்தாழ 25 அடி விட்டம் போதும். தேரடித் தெருவின் நெரிசலில் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்புவதில் தாத்தாவுக்குத் தனிப் பெருமை இருந்ததாம்.

தாத்தா மறைந்தபின் வண்டி பின்கட்டுப் பூவரச மரத்தடியில் நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் அதை எவரும் அசைக்கவில்லை. திருவண்ணாமலை வறண்ட ஊர். வெயில் இரும்பைக் கெடுப்பதில்லை. பூவரசின் சருகுகள்தாம் கெடுத்தன. முன்கண்ணாடியின் அடியிலும் கதவுகளின் உட்குழியிலும் அவை குவிந்து, நீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சருகு மாசிவரை ஈரத்தைப் பிடித்துவைத்திருந்தது. காயலான் கடைக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் வந்து எடைக்கு விலை கேட்பார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவார். 2021ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த மறுவாரம் அந்தப் "பார்க்கலாம்" செயலாயிற்று.

தட்டிக் கேட்டல்

வேலையைக் கற்றுத் தந்தவர், டிங்கரிங் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்த மேஸ்திரி ஒருவர். அவர் முதல் நாள் எந்தக் கருவியையும் கொண்டுவரவில்லை. துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றையே கொண்டுவந்தார். அதை வண்டியின் உடல் முழுதும் மெல்ல நகர்த்தினார். தகடு உள்ள இடத்தில் காந்தம் பற்றிக்கொண்டது; முன்பு எவரோ பட்டி பூசி மறைத்திருந்த இடங்களில் நழுவி விழுந்தது. "மனுசன் கண்ணை ஏமாத்திடலாம் தம்பி, காந்தத்தை ஏமாத்த முடியாது" என்றார்.

அடுத்துச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல தகடு கணீரென்று ஒலித்தது. துரு தின்ற தகடு ஓட்டைப் பானைபோல் பொத்தென்றது. வண்ணம் சற்றே உப்பியிருந்த ஓரிடத்தைத் திருப்புளியால் குத்தினார். கருவி கைப்பிடிவரை உள்ளே சென்றது. வெளியே தெரிந்தது கட்டைவிரல் நகமளவு; உள்ளே அழிந்திருந்தது ஒரு சாண். துருவின் தன்மையே அதுதான். அது பெரும்பாலும் உள்ளிருந்தே வெளியே வரும். கண்ணுக்குத் தெரியும்போது அதன் வேலை முக்கால் பங்கு முடிந்திருக்கும்.

ஹெரால்டின் அமைப்பு எங்களுக்குத் துணை நின்றது. இக்கால மகிழுந்துகளில் உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. ஹெரால்டிலோ அடிச்சட்டம் தனி. அதன்மேல் உடற்பகுதிகள் மரையாணிகளால் பொருத்தப்பட்டுள்ளன. இரு பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து முன்மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். ஆதலால் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றித் திண்ணையில் வைத்து வேலை செய்ய முடிந்தது. கழற்றிய ஒவ்வோர் ஆணியையும் அப்பா தாள் உறையிலிட்டு, அது இருந்த இடத்தை எழுதிவைத்தார். அந்த உறைகள் இருநூற்றைக் கடந்தன.

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு இளமையில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். பிறகு, அதைப் பிரித்துப் பூட்டியே பொறியியலைக் கற்றார். பிரிப்பது அழிப்பதன்று, அது படிப்பதன் ஒரு வகை. இதை அந்த உறைகளை அடுக்கியபோது நான் உணர்ந்தேன்.

வெட்டலும் ஒட்டலும்

முதலில் மின்கலத்தையும் பெட்ரோல் தொட்டியையும் வீட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தோம். தீப்பொறி பறக்கும் வேலையில் இதுவே முதல் விதி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது என்பது இரண்டாம் விதி. வலிய தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தினோம். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அத்தூள் காற்றில் பறந்து மூச்சில் கலவாதிருக்க, நீர் ஊற்றியே உப்புத்தாளால் தேய்த்தோம். கண்ணாடியும் முகமூடியும் கையுறையும் அணியாமல் எவரும் கொட்டகைக்குள் நுழையக்கூடாது என்று அம்மா கட்டளையிட்டிருந்தார்.

வண்ணம் நீங்கியதும் துருவின் எல்லை தெரிந்தது. அந்த எல்லையோடு நிறுத்துவதில்லை. அதைக் கடந்து, பளபளக்கும் நல்ல தகடு தென்படும் வரை வெட்ட வேண்டும். "நோகுதேன்னு கொஞ்சம் விட்டு வச்சா, அதுவே திரும்பவும் தின்னும்" என்பார் மேஸ்திரி. நகமளவு என்று நினைத்த இடத்தில் உள்ளங்கையளவு வெட்டினோம். உள்ளங்கையளவு என்று நினைத்த இடத்தில் முழங்கை நீளம் வெட்டினோம். வண்டி சீராவதற்கு முன்பு மேலும் சிதைந்ததுபோல் தோன்றியது.

வெட்டிய வடிவத்தை முதலில் அட்டையில் வெட்டி ஒப்பிட்டோம். அது பொருந்திய பிறகே அதே தடிப்புள்ள புதுத் தகட்டில் வெட்டினோம். தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைவைக் கொண்டுவந்தோம். பற்றவைக்கும் வேலையை மேஸ்திரி மட்டுமே செய்தார். நீண்ட கோடாகப் பற்றவைத்தால் வெப்பத்தில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று மாறி மாறிப் பற்றவைத்து, இடையிடையே ஆறவிட்டார். ஒரு சாண் நீளத்தை இணைக்க ஒரு முற்பகல் ஆயிற்று.

வெட்ட வேண்டாத இடங்களில் தங்கிய மெல்லிய துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த நீர்மத்தைப் பூசினோம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிக் கருநிறப் படலமாக்கியது. அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் காகிதத் தடிப்பில் பட்டி, மீண்டும் நீர்விட்டுத் தேய்ப்பு, அதன்பின் வண்ணம். பட்டி என்பது மேடுபள்ளத்தைச் சமன்செய்ய மட்டுமே, ஓட்டையை அடைப்பதற்கன்று. இறுதியாக, நீர் வடியும் துளைகள் ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் திறந்து, உட்குழிகளில் மெழுகு கலந்த எண்ணெயைத் தெளித்தோம்.

பௌர்ணமிதோறும் வேலையை நிறுத்திவிடுவோம். அன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனித வெள்ளமாகிவிடும். எங்கள் சுத்தியல் ஓசை அவர்களுக்கு இடையூறாக வேண்டாம் என்று அப்பா கருதினார்.

தெரிந்து தெளிவோம்

பழம்பெரும் வாகனங்களுக்கான தனி விதிகளை இந்திய அரசு 2021ஆம் ஆண்டில் வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரிய மாற்றம் இன்றி மூல வடிவிலேயே பேணப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இவ்வகையில் அடங்கும். இவற்றின் புதிய பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ இவற்றைப் பயன்படுத்த இயலாது.

விலை பேச வந்தவர்

பணி பாதியில் இருந்தபோது, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒருவர் செய்தியறிந்து வந்தார். திருமண ஊர்வலங்களுக்குப் பழைய மகிழுந்துகளை விரும்பிக் கேட்கிறார்கள் என்றார். அவர் சொன்ன தொகை சிறிதன்று. கல்லூரியில் சேர்ந்திருந்த என் தங்கையின் ஈராண்டுக் கட்டணத்தை அது தாங்கும். அவர் விதித்தது ஒரே நிபந்தனை: இரண்டு மாதத்தில் வண்டி வேண்டும். "மேல் வேலை முடிஞ்சா போதும் சார். அடியை யார் குனிஞ்சு பார்க்கப் போறாங்க? அங்கே பட்டியை வச்சு, கறுப்பு அடிச்சுடுங்க" என்றார்.

அவர் சொன்ன 'அடி' என்பது அடிச்சட்டத்திலிருந்து இருபுறமும் நீண்டு உடற்கூட்டைத் தாங்கும் கைகள். இடப்பக்கத்தில் அவற்றுள் இரண்டு, பிடித்து அழுத்தினால் நொறுங்கும் நிலையில் இருந்தன. அவற்றைச் சீர்செய்ய மேலும் பல மாதங்கள் ஆகும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

அப்பா உடனே விடை சொல்லவில்லை. தங்கையை அழைத்து, தொகையையும் நிபந்தனையையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னார். கட்டணம் அவளுடையது, ஆகவே சொல்லும் அவளுடையதாக இருக்கட்டும் என்று எண்ணினார் போலும். அவள் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கு இதில் யாரோ உட்காருவாங்க இல்லப்பா? வேண்டாம்" என்றாள்.

வந்தவர் போய்விட்டார், பிறகு வரவுமில்லை. தங்கை வங்கியில் கல்விக் கடன் பெற்றாள். இன்றும் அதன் தவணையை மாதந்தோறும் செலுத்தி வருகிறாள். நேர்மைக்கு உடனே பரிசு கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவன்று. நேர்மைக்கு ஒரு விலை உண்டு. அதை எங்கள் வீட்டில் என் தங்கை கொடுத்தாள்.

எது பழையது?

மூன்றாம் மழைக்காலத்திற்கு முன்பு வண்டி தன் சக்கரங்களில் நின்றது. கதவுகளின் கீழ்ப்பகுதியும் தரையும் பின்பெட்டியின் அடியும் தாங்கு கைகளும் புதுத் தகடு பெற்றிருந்தன. அதைக் கண்ட உறவினர் ஒருவர், "பாதி புதுசு; இனி இதை எப்படித் தாத்தா வண்டி என்பீர்கள்?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு எங்கள் ஊரே விடை வைத்திருக்கிறது. கார்த்திகைத் தீபத் திருவிழாவில் மாட வீதிகளில் உலா வரும் தேரைப் பாருங்கள். உளுத்த மரத்தை நீக்கிப் புதுமரம் சேர்ப்பர்; அச்சையும் சக்கரத்தையும் மாற்றுவர். ஆயினும் அதைப் புதுத்தேர் என்று எவரும் சொல்வதில்லை. கோயில்களிலும் திருப்பணி நடந்து குடமுழுக்கு நிகழ்கிறது. அருணாசலேசுவரர் கோயிலில் 2017ஆம் ஆண்டு அவ்வாறு நிகழ்ந்தது. பொருளின் வடிவமும் அதன் பயனும் அதைப் பேணும் கைகளின் தொடர்ச்சியுமே அதன் பழைமை. அந்தத் தொடர்ச்சி அறுந்தால், ஓர் அணுவும் மாறாத பொருள்கூட மரத்தடியில் நின்று மண்ணாகும்.

தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது எளிதாகிவிட்ட காலம் இது. எல்லாவற்றையும் சீரமைத்துவிட முடியாது என்பதும் உண்மையே. ஆனால், சீரமைக்கத் துணிந்தால் அதற்கு ஓர் ஒழுக்கம் உண்டு. மேலே பூசி மறைப்பது சீரமைப்பாகாது. ஒரு பொருளானாலும் ஓர் உறவானாலும் ஒரு நிறுவனமானாலும், குறை எங்கே முடிகிறது என்று அஞ்சாமல் தேடிச் செல்ல வேண்டும். நல்ல தகடு தென்படும் இடத்தில்தான் புதியதை ஒட்ட முடியும். துருவின்மேல் எதுவும் ஒட்டாது.