மணலில் கிடந்த கடிதம்

வெளியூர் போனவரிடமிருந்து ஒரு மணி நேரம் செய்தி இல்லாவிட்டால் நமக்கு மனம் அடித்துக் கொள்கிறது. செல்போனை எடுத்துப் பார்க்கிறோம், வைக்கிறோம், மறுபடி எடுக்கிறோம். அடுப்பில் பால் பொங்குகிறதா, வழிகிறதா என்றுகூடத் தெரிவதில்லை. ஒரு செய்தி வந்து சேர ஏறக்குறைய 29 வருஷம் ஆயிற்று என்றால் நம்புவீர்களா? அப்படி ஒன்று நடந்திருக்கிறது. அனுப்பியவர் ஒரு விமானி. அனுப்பிய இடம் ஸஹாரா பாலைவனம்.

1962-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி. அல்ஜீரியாவில் அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி. இன்னும் ஐந்து மாதத்தில் அவர்கள் மூட்டை கட்டப் போகிறார்கள். ரெகான் என்ற பாலைவன ஊருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தூரத்தில், தனெஸ்ரூஃப்ட் என்ற பகுதியில், பிரெஞ்சு ராணுவத்தின் ரோந்துப் படை ஒன்று மோட்டார் வண்டிகளில் போய்க் கொண்டிருந்தது. தனெஸ்ரூஃப்டைத் 'தாகத்தின் தேசம்' என்பார்கள். மரம் கிடையாது, கிணறு கிடையாது, வழி கேட்க மனிதர் கிடையாது. தரையும் வானமும்தான்.

அந்த வெட்டவெளியில் என்னவோ ஒன்று துருத்திக் கொண்டு தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். ஒரு சின்ன விமானம். தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. இறக்கையைப் போர்த்திய துணி போய் எலும்புக்கூடு போன்ற சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் அருகே வெயிலில் காய்ந்து சுருங்கிய ஒரு மனித உடல். பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்த ஒரு குறிப்புப் புத்தகமும் இருந்தது.

அந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தது, தேதி இருந்தது, எட்டு நாட்களின் கதை முழுவதும் இருந்தது. பெயர் பில் லங்காஸ்டர். தேதி 1933, ஏப்ரல்.

யார் இந்த லங்காஸ்டர்? இங்கிலாந்துக்காரர், விமானப் படையில் இருந்தவர். 1927-ல் கையில் பணமில்லாமல், ஆனால் பெரிய ஆசையோடு லண்டனில் சுற்றிக் கொண்டிருந்தார். சின்ன விமானம் ஒன்றில் ஆஸ்திரேலியா வரைக்கும் போய்விட வேண்டும் என்பதுதான் ஆசை. அந்தச் சமயத்தில் ஜெஸ்ஸி மில்லர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியைச் சந்தித்தார். "விமானத்துக்குப் பாதிப் பணம் நான் தேடித் தருகிறேன்; ஆனால் நானும் கூட வருவேன்" என்றார் அந்த அம்மாள். 26 வயது, விமானம் ஓட்டத் தெரியாது. தைரியத்தைப் பாருங்கள்!

1927 அக்டோபரில் கிளம்பினார்கள். விமானத்தின் பெயர் 'ரெட் ரோஸ்', அதாவது சிவப்பு ரோஜா. லங்காஸ்டரின் தாயாருக்கு அன்பர்கள் வைத்திருந்த செல்லப் பெயர் அது. கராச்சி, கல்கத்தா, ரங்கூன் என்று நம் பக்கத்து ஊர்களில் எல்லாம் இறங்கி இறங்கிப் போனார்கள். ரங்கூனுக்கு அப்பால் நடுவானில் ஒரு வேடிக்கை. ஜெஸ்ஸியின் காலடியில் ஒரு பாம்பு! குதித்து ஓட இடமேது? விமானத்தைச் செலுத்தும் கழி இன்னொன்று அவர் பக்கத்திலும் இருந்தது. அதைக் கழற்றி எடுத்து, பாம்பை அடித்துக் கொன்றார். 1928 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார்கள். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆகாய மார்க்கமாக வந்த முதல் பெண் என்ற பெயர் ஜெஸ்ஸிக்குக் கிடைத்தது. பிறகு அவரே விமானம் ஓட்டக் கற்று, அமெரிக்காவில் பெண்களுக்கான பந்தயங்களில் பறந்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் லங்காஸ்டருக்கு இங்கிலாந்தில் மனைவி உண்டு. இரண்டு பெண் குழந்தைகள் உண்டு. ஜெஸ்ஸிக்கு ஆஸ்திரேலியாவில் கணவர் உண்டு. ஐந்து மாதம் ஒரே விமானத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்களின் மனம் ஒட்டிக் கொண்டது. சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது நல்லபடியாக முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

1932-ல் அமெரிக்காவின் மியாமி நகரில், ஜெஸ்ஸியின் சுயசரிதையை எழுத வந்த ஹேடன் கிளார்க் என்ற வாலிபன், லங்காஸ்டர் ஊரில் இல்லாத சமயத்தில் ஜெஸ்ஸியின் மனத்தில் இடம் பிடித்துவிட்டான். இருவரும் விவாகம் செய்து கொள்வதாக இருந்தார்கள். லங்காஸ்டர் திரும்பி வந்த அன்று இரவு, கிளார்க் தலையில் குண்டு பாய்ந்து இறந்து போனான். பக்கத்தில் தற்கொலைக் கடிதங்கள் இருந்தன. அவற்றைத் தானே தட்டெழுதியதாக லங்காஸ்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் சுட்டது தானல்ல என்று சாதித்தார். ஊரெல்லாம் இதே பேச்சு. ஆகஸ்டில் ஜூரர்கள் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள்.

சட்டம் விட்டாலும் ஊர் வாய் விடுமா? வேலை கிடைக்கவில்லை. பழைய பெயரை மீட்க ஒரே வழி, இன்னொரு சாகசம். லண்டனிலிருந்து கேப் டவுனுக்கு 4 நாள் 7 மணிக்குள் பறந்து, 1932 நவம்பரில் ஆமி ஜான்சன் என்ற வீராங்கனை சாதனை படைத்திருந்தார். அதை முறியடித்துவிட வேண்டும் என்று லங்காஸ்டர் முடிவு செய்தார். தகப்பனார் பணம் கொடுத்தார். பிரபல விமானி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் வைத்திருந்த 'சதர்ன் கிராஸ் மைனர்' என்ற சின்ன விமானத்தை வாங்கினார்கள். இதில் ஒரு விசித்திரம்: ஜெஸ்ஸி பிறந்த ஊரின் பெயரும் சதர்ன் கிராஸ்தான், மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

1933 ஏப்ரல் 11-ந் தேதி லங்காஸ்டர் புறப்பட்டார். எதிர்க்காற்று அடித்தது, நேரம் கையை விட்டு நழுவியது, சரியான தூக்கம் இல்லை. மறுநாள் மாலை ரெகானில் இறங்கி, இருட்டுகிற நேரத்தில் மறுபடி கிளம்பினார். ஒற்றை எஞ்சின், பேச ரேடியோ இல்லை. இரண்டு மணி நேரம்கூடப் பறந்திருக்க மாட்டார். எஞ்சின் தகராறு செய்து நின்றது. இருட்டில் தரையில் மோதி விமானம் குப்புறக் கவிழ்ந்தது. முகத்தில் காயம், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

இந்தக் கட்டுரைக்குப் படம் போடும் எங்கள் ஓவியர் என் மேஜைக்கு வந்து, "விமானத்தைப் பறக்கிற மாதிரி போடட்டுமா, கவிழ்ந்த மாதிரி போடட்டுமா?" என்று கேட்டார். "கவிழ்ந்த மாதிரியே போடுங்கள். ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொண்டிருக்கட்டும்" என்றேன். எனக்கு அந்தக் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது. அந்த மனிதருக்கு அப்போது 35 வயது. கிட்டத்தட்ட என் வயது.

கையில் சுமார் 9 லிட்டர் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் ஆகாரம். பகலில் நெருப்பு வெயில், இரவில் குளிர். விமானத்தை விட்டு நகருவதில்லை என்று அவர் தீர்மானம் செய்து கொண்டார். தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு மனிதன் தெரியமாட்டான். விமானம் தெரியும் அல்லவா? நடக்க ஆரம்பித்தால் தாகம் இரட்டிக்கும். தண்ணீரைக் கணக்குப் பார்த்துப் பங்கு போட்டார். இறக்கைத் துணியைக் கிழித்து, பெட்ரோலில் தோய்த்து, இரவில் விட்டு விட்டு எரித்தார். யாராவது பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை. மிச்ச நேரமெல்லாம் எழுதினார்.

தேடாமல் இல்லை. ரெகானிலிருந்து மோட்டார் வண்டி கிளம்பி, மோட்டார்ப் பாதையை ஒட்டித் தேடிக் கொண்டு போயிற்று. ஆனால் இருட்டில் விமானம் அந்தப் பாதையை விட்டு விலகிப் போயிருந்தது. பாலைவனத்தில் பாதைக்குப் பக்கத்தில் என்பது ஒரு கணக்கு. சற்று விலகி என்பது வேறு கணக்கு. அந்த வித்தியாசத்தில் ஒரு உயிர் போய்விட்டது. கடைசிக் குறிப்பு ஏப்ரல் 20-ந் தேதியோடு நிற்கிறது. விழுந்து எட்டாவது நாள்.

அந்த எட்டு நாளும் அவர் எழுதியதில் யார் மீதும் சாபம் இல்லை. தாயாரை நினைக்கிறார், தகப்பனாரை நினைக்கிறார், ஜெஸ்ஸியை நினைக்கிறார். விபத்து எப்படி நடந்தது என்று, மற்ற விமானிகளுக்குப் பயன்படட்டும் என்பது போல், ஒழுங்காகக் குறித்து வைக்கிறார். 1962-ல் புத்தகம் கிடைத்ததும் பத்திரிகைக்காரர்கள் ஆவலோடு ஒன்றைத் தேடினார்கள்: கிளார்க்கைக் கொன்றதாக ஒப்புதல் ஏதாவது இருக்கிறதா? அப்படி ஒரு வரியும் இல்லை. நானும் பத்திரிகைக்காரிதான், அந்த ஆவல் எனக்குப் புரிகிறது. ஆனால் சாகிறவர் தம் வீட்டாருக்கு எழுதியதைக் கோர்ட்டு சாட்சியமாகப் புரட்டிப் பார்ப்பதற்கு என்னவோ மனம் கூசுகிறது.

இந்தக் கதையை என் தாயாரிடம் சொன்னேன். பாம்பு அடித்ததற்குச் சிரித்தார். தண்ணீர் தீர்ந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் சரி. அந்த இரண்டு பெண் குழந்தைகளிடம் அப்பா எங்கே என்று யார் சொன்னார்கள்?" என்றார்.

பறந்தவர்களைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. தொலைக்காட்சியில் தொடர்கூட வந்திருக்கிறது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஓரிரு வரிதான். மனைவிக்கும் 29 வருஷம். குழந்தைகளுக்கும் 29 வருஷம். பெற்றோருக்கு அவர்கள் ஆயுள் உள்ள வரைக்கும். செத்துவிட்டார் என்று அழவும் முடியாது. வருவார் என்று விளக்கேற்றி வைக்கவும் முடியாது. "தெரியாது" என்ற வார்த்தை இருக்கிறதே, அதைவிடக் கொடியது உண்டா? சாவு ஒரு தடவை வருகிறது. இது தினம் மாலையில் வாசல்படியில் வந்து நிற்கிறது.

ஜெஸ்ஸிக்கு இதில் இன்னொரு வேதனை. 1930 நவம்பரில் ஹவானாவிலிருந்து மியாமிக்குத் தனியாகப் பறந்தபோது, புயல் காற்றில் வழி தவறி, பஹாமாஸில் ஆண்ட்ரோஸ் தீவில் போய் இறங்கினார். சில நாள் உலகம் அவரைக் காணவில்லை என்று கைவிட்டது. பிறகு சௌக்கியமாக வந்து சேர்ந்தார். அப்படித் தானே திரும்பி வந்தவர், "நான் வரவில்லையா? பில்லும் வந்துவிடுவார்" என்று எத்தனை நாள் நினைத்தாரோ! 1936-ல் வேறொரு விமானியை மணந்து கொண்டார். வயது 60 ஆனபோது பாலைவனத்திலிருந்து அந்தக் குறிப்புப் புத்தகம் அவரைத் தேடி வந்தது. அதன் பக்கங்கள் அச்சில் வர அவர் சம்மதித்தார். 1972-ல் காலமானார். விமானத்தின் மிச்சத்தை 1975-ல் பாலைவனத்திலிருந்து மீட்டெடுத்தார்கள். பின்னர் அது பிரிஸ்பேன் நகரில் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

லங்காஸ்டர் நல்லவரா, பொல்லாதவரா? வீட்டில் விட்டுவிட்டு வந்த மனைவியைக் கேட்டால் ஒரு பதில். மியாமி ஜூரர்களைக் கேட்டால் ஒரு பதில். எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். நாக்கு வறண்டு, விரல் நடுங்குகிற நேரத்தில், தமக்குப் பின்னால் இருப்பவர்கள் 'என்ன ஆயிற்றோ' என்று தவிக்கக் கூடாது என்று உட்கார்ந்து எழுதினாரே, அது. அந்தக் கடிதம் பெற்றோர் காலத்துக்குள் போய்ச் சேரவில்லை என்பது அவர் குற்றம் அல்ல.

நம் வீடுகளில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. "போய்விட்டு வருகிறேன்" என்போம். வாய் தவறிப் "போகிறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் நிறுத்தித் திருத்துவார்கள். காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு அது. வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனால், முடியவில்லை என்ற செய்தியையாவது அனுப்பி வைக்க வேண்டும். பாலைவனத்தில், உதவிக்கு ஒருவரும் இல்லாத இடத்தில், ஒரு மனிதர் அதைச் செய்திருக்கிறார். ஊருக்குள் இருந்துகொண்டு, கையில் செல்போனும் வைத்துக்கொண்டு, 'வர நேரமாகும்' என்று ஒரு வார்த்தை சொல்ல மறக்கிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.