‘கப்பல் ஏறின தேதி சொல்லுங்க!’

2025 ஆகஸ்ட் 6, இரவு ஒன்பதரை மணி. தோசைக்குச் சட்னி ஊற்றக் கை நீட்டியவர், போன் அடித்ததும் எழுந்துவிட்டார். அடுத்த முனையில் திருப்பூர்க்காரர் ஒருவர். 40 தையல் மெஷின் வைத்திருக்கும் சின்ன பனியன் கம்பெனி.

“சார், டிவி பாத்தீங்களா? இன்னும் 25 பர்சென்ட்டாமுங்க. மொத்தம் 50. எங்க பையர் அமெரிக்காக்காரன் சார்...”

“பதறாதீங்க. ஆர்டரைப் படிச்சுட்டுக் கூப்பிடறேன்.”

தோசை ஆறியது. 35 வருடம் சுங்கத்துறையில் இருந்தவரின் வீட்டில் இது புதிதல்ல. சென்னை ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் மதிப்பீட்டாளராக நாற்காலியைத் தேய்த்து, உதவி ஆணையராக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஓராண்டு காத்திருந்து, ஏற்றுமதி இறக்குமதி செய்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்தார்.

“அப்போ வரி போட்டீங்க. இப்போ அதுக்கு வழி சொல்லிக் காசு வாங்கறீங்களாங்க?” என்று மனைவி கிண்டல் செய்வதுண்டு. அவர் சிரிப்பார். ஆனால், முழுதாகச் சிரிக்க முடியாத ஒரு நினைவு அவருக்கு உண்டு.

தொண்ணூறுகளில், சிறு வியாபாரி ஒருவர் மெஷின் பாகங்கள் இறக்குமதி செய்திருந்தார். பில் ஆஃப் என்ட்ரியில் போட்டிருந்த தலைப்பு தப்பு. சரியான தலைப்புக்கு வரி அதிகம். இவர் மாற்றி எழுதினார், சட்டப்படி சரிதான். கூடுதல் வரியைக் கட்டப் பணம் புரட்டுவதற்குள் துறைமுகத்தில் டெமரேஜ் ஏறி, சரக்கின் விலையையே தாண்டிவிட்டது. மஞ்சள் பையோடு கவுன்ட்டர் ஓரம் நின்றவர், சண்டை போடவில்லை. “இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா, ஆர்டரே போட்டிருக்க மாட்டேன் சார்” என்று மட்டும் சொன்னார். சரக்கு ஏலத்துக்குப் போனது.

தலைப்பு என்பது சாதாரண விஷயமில்லை. உலக வர்த்தகத்தில் எல்லாப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் 200க்கும் மேற்பட்ட நாடுகள், பொருளாதாரப் பகுதிகளில் ஒன்றுதான். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெய் என்றால் 15ஆம் அத்தியாயம், தலைக்குத் தேய்ப்பது என்றால் 33ஆம் அத்தியாயம். சின்ன பாக்கெட்டில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் எதில் சேரும் என்ற கலால் வழக்கு, சேலத்தில் இருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ‘ஹேர் ஆயில்’ என்று லேபிள் ஒட்டி விற்காதவரை அது சமையல் எண்ணெய்தான் என்று மூன்று நீதிபதிகள் முடித்து வைத்தது 2024 டிசம்பரில்! அடுப்படியிலும் குளியலறையிலும் ஒரே பாட்டிலை வைத்திருக்கும் நமக்கு இது தெரியுமா?

2011இல் சுய மதிப்பீடு வந்தபிறகு, எண்ணைச் சரியாகப் போடும் பொறுப்பும் வியாபாரியின் தலையில். “சந்தேகமா? 10,000 ரூபாய் கட்டி முன்கூட்டியே அட்வான்ஸ் ரூலிங் வாங்குங்க. எனக்குத் தர்ற ஃபீஸே அப்புறம் மிச்சம்” என்பார். இப்படிச் சொன்னால் தொழில் எப்படி ஓடும் என்பது மனைவியின் நியாயமான கேள்வி.

அன்று இரவு பதினொன்றரைக்குத் திருப்பூருக்குக் கூப்பிட்டார்.

“27ஆம் தேதிக்குள்ள கப்பல்ல ஏத்திட்டாப் போதுமுங்களா சார்? செய்தியில அப்படித்தான் சொன்னாங்க.”

“பாதிதான் சொல்லியிருக்காங்க. ஏத்தினாப் போதாது. செப்டம்பர் 17க்குள்ள அங்க கிளியரன்ஸும் ஆகணும். உங்களது கப்பல் ஏறின தேதி சொல்லுங்க.”

முதல் கன்டெய்னர் ஜூலை கடைசியில் தூத்துக்குடியில் ஏறியிருந்தது. அது தப்பிக்கும். இரண்டாவது இன்னும் பேக்கிங்கில். காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். கொழும்பில் கப்பல் மாறி நியூயார்க் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எப்படிக் கூட்டினாலும் 17ஐத் தாண்டியது.

“துபாய்க்கு அனுப்பி, அங்க இருந்து...?”

“வேண்டாம். வழி மாறினா, துணி இந்தியத் துணி இல்லைன்னு ஆகிடுமா? பிடிச்சா 40 பர்சென்ட் தண்ட வரி இருக்கு. அந்த யோசனைக்கு என்கிட்ட வராதீங்க.”

லைன் கட்டாகிவிட்டது. கோபமா, சிக்னலா தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே பேசினார். பையர் வரியில் பாதியை ஏற்கிறானாம். அதற்கு விலையைக் குறைக்க வேண்டுமாம். கட்டுமா, கட்டாதா? இருவரும் போனிலேயே ஒரு பீஸுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். நூல், தையல், பெட்டி, லாரி எல்லாம் போக மிச்சம் கையைக் கடித்தது.

“தையல்காரங்களுக்குத் தீபாவளி போனஸ் சொல்லிட்டேன் சார்.”

இவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பிரிட்டன் ஒப்பந்தம் ஜூலை 24 கையெழுத்தாகியிருக்கு. அமலுக்கு வரலை. ஆனா சாம்பிள் அனுப்ப அதுக்குக் காத்திருக்க வேணாம். உங்க துணியில காட்டன் எத்தனை பர்சென்ட்னு எழுதி அனுப்புங்க” என்றார்.

வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தபோது மணி பத்து. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அன்றும் தோசை ஆறிப்போனது.