எதுவும் சுற்றாமல் வரும் காற்று



முப்பது வருடங்களுக்கு முன், ஏழாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "எதுவுமே சுத்தாம, வெறும் கரண்டாலயே காத்து வர வைக்க முடியுமா டீச்சர்?" என்று கேட்டான். "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை.

போன வாரம் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் ஒரு வீடியோ காட்டினான். 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் பாரெட் குழுவினர் பறக்கவிட்ட குட்டி விமானம். இறக்கையின் நீளம் 5 மீட்டர், எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சுழலும் பாகம் எதுவும் இல்லை. சுமார் 40,000 வோல்ட் மின்னழுத்தத்தில், ஓர் உள்ளரங்கில் 60 மீட்டர் பறந்தது.

"எப்படிடா?" என்றேன்.

முன்னால் மெல்லிய கம்பி. கொஞ்சம் இடைவெளி விட்டு, பின்னால் அகலமான, வழவழப்பான பட்டை. கம்பி மெலிதாக இருப்பதால் அதைச் சுற்றி மின்புலம் மிகக் கடுமையாக இருக்கும். அங்கே காற்றின் மூலக்கூறுகள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. அவை பட்டையை நோக்கி ஓடும்போது, வழியில் உள்ள சாதாரண மூலக்கூறுகளையும் மோதித் தள்ளிக்கொண்டு போகின்றன. அதுதான் காற்று.

"ரெண்டுமே மெல்லிய கம்பியா வச்சா?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி பெரியம்மா! பின்கம்பியும் எதிர்மின் அயனிகளை உண்டாக்கி முன்பக்கம் தள்ளும். காத்து பலவீனமாயிடும். ரெண்டும் தடிமனா இருந்தா அயனியே உருவாகாது, வோல்ட்டைக் கூட்டினா பொறி தாவிடும். அதனாலதான் ஒண்ணு மெலிசு, ஒண்ணு அகலம்."

விளக்கம் புரிந்தது. ஆனால் மனதில் தைத்தது அந்த "நல்ல கேள்வி"தான். இந்த மின்காற்றை 1700களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. "தெரியலப்பா, படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று அன்று சொல்லியிருக்கலாம். தெரியாததை மறைக்க ஒரு குழந்தையை உட்கார வைத்துவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் உனக்கே தெரியும், நீதான் என்று. முடியும்டா. நல்ல கேள்வி கேட்டாய். டீச்சரை மன்னித்துவிடு.

(யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம்.)

அன்புடன்,
உங்கள் டீச்சர்