கால்டுவெல் வீட்டில் இருவர்

தூத்துக்குடியில் கால்டுவெல் பள்ளி எங்கே என்றால் யாரும் வழி சொல்வார்கள். ராபர்ட் கால்டுவெல் வாழ்ந்த வீடு இருப்பதோ தெற்கே, தேரி மணல் பூமியான இடையன்குடியில். 1841-ல் அங்கே குடியேறியவர், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதே ஊரில் கோதிக் பாணியில் அவர் எழுப்பிய தேவாலயம், 1847-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது. வீட்டைப் புதுப்பித்து 2011-ல் நினைவு இல்லமாக்கியது தமிழக அரசு.

அந்த வீட்டில் எலைசாவும் வாழ்ந்தார். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். 1844-ல் கல்யாணமாகி வந்தவர், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது.

'கால்டுவெல்' எலைசாவின் பெயரும்தான். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறவர்கள் இரண்டு கதையையும் சொல்லலாம்.