எளிய குழல்

இங்கிலாந்து நாட்டில் இசையாசிரியர் பயிற்சிக்கு வருவோருள் சிலர், ரிக்கார்டரும் கற்றல் வேண்டும் எனக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பர். ரிக்கார்டர் என்பது ஈண்டு ஒலிப்பதிவுப் பொறி அன்று. நேரே பிடித்து ஊதும் ஒருவகைக் குழல். முன்புறம் ஏழு துளைகளும், பெருவிரலுக்கெனப் பின்புறம் ஒரு துளையும் உடையது. பள்ளிச் சிறுவர் கையில் உள்ளது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது, விலையும் குறைவு. பியானோவிலும் வயலினிலும் பல்லாண்டு உழைத்தவர்க்கு அது விளையாட்டுப் பொருளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஒரு வகுப்புச் சிறுவர் அனைவரும் ஒருங்கே அதனை ஊதக் கேட்டவர், அவரைக் கடிந்துகொள்ளவும் மாட்டார்!

ஆயினும் அக்குழலின் பழம்பெருமை சிறிதன்று. பாக், ஹாண்டல், விவால்டி ஆகிய பேரிசைவாணர் அதற்கெனவே இசை அமைத்தனர். பின்னர், ஓசை மிக்க குறுக்குக்குழல் ஓங்கவே, அது மறக்கப்பட்டது. ஆர்னால்டு டோல்மெட்ச் என்பார் பழைய ரிக்கார்டர் ஒன்றைப் போற்றி வந்தார். 1919ஆம் ஆண்டில், இலண்டன் வாட்டர்லூ புகைவண்டி நிலையத்தில், சிறுவனான அவர் மகன் கார்ல் அது இருந்த பையை மறந்து விட்டுவந்தான். இழந்ததை எண்ணி வருந்திய தந்தை, தம் கையாலேயே புதியதொன்று செய்யத் தலைப்பட்டார். அக்குழல் மீண்டும் வழக்கிற்கு வந்தது இவ்வாறே. 1930களில் எட்கர் ஹண்ட் முதலியோர் அதனைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றனர்.

தொடக்கத்தில் எளிதாதலே அதற்குப் பகையாயிற்று எனலாம். மூன்று நான்கு சுரங்கள் ஒரே நாளில் கைவரும், 'இவ்வளவுதானே!' என்னும் எண்ணமும் உடன் வரும். மேல் ஸ்தாயிக்குச் செல்லும்போதுதான் இடர்ப்பாடு தொடங்கும். பின்துளையைப் பெருவிரல் முழுதும் மூடலாகாது. முழுதும் திறத்தலும் ஆகாது. மூச்சுச் சற்று மிகுந்தாலும் குழல் கீச்சிடும். பியானோவில் கைதேர்ந்த மாணவி ஒருத்தி, உடன்பயில்வோர் நடுவே இங்ஙனம் கீச்சிட நேர்ந்தால், அவள் முகம் சிவக்கும். கற்கத் தொடங்கிய நாளில் தனக்கிருந்த நடுக்கம் நினைவிற்கு வரும்.

அந்நாணத்தால் குழலைப் பெட்டியில் இட்டு மூடுவோரும் உளர். வீம்பாகப் பயின்று தேறுவோரும் உளர். நாளை வகுப்பில் ஒரு சிறுவன் ஊத, சுரம் பிசகும். மூடிவைத்தவர், 'இவனுக்குச் செவி போதாது' என்று கூறி அப்பாற் செல்வர். பயின்றவரோ குனிந்து, அவன் விரல் நுனி துளையை விட்டு மயிரிழை விலகியிருத்தலைக் கண்டு, அதனை மெல்ல நகர்த்தி வைப்பர்.