பன்னிரண்டு கட்டம்

ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்கள்கூட, பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிவிடுகிறார்கள். மனிதர்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இந்தப் பன்னிரண்டு கட்டச் சமாசாரம் இப்போது மண்ணுக்கும் வந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, ராஜஸ்தானத்துச் சூரத்கர் என்னும் ஊரில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். குடியானவனுடைய நிலத்து மண்ணைப் பரிசோதித்து அட்டையில் எழுதிக் கொடுப்பது திட்டம். அதிலும் கட்டங்கள் பன்னிரண்டுதான். கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம். அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். குருவும் சனியும் இல்லை என்பதுதான் குறை.

அப்படி ஓர் அட்டையை என் கையில் கொடுத்து, "மச்சான், நீ எழுதறவன். இதைப் படிச்சுப் பலன் சொல்லு" என்றார் என் அக்காவின் கணவர்.

மாமாவுக்கு ஊர் ஆரணி. பரம்பரையாகப் பட்டு நெசவு. கூடவே ஒரு சின்னச் சாயப் பட்டறை. ஆரணியைப் பட்டுக்காகவும் அரிசிக்காகவும் அறிந்திருப்பீர்கள். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர் எழுந்து நிலத்தைப் பார்க்கப் போனது ஏன் என்று கேட்டால், காரணம் தண்ணீர்.

பட்டுப்பூச்சி தன் கூட்டில் நூலை மட்டும் தருவதில்லை. அதன்மேல் ஒரு பசையையும் பூசித் தருகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அந்தப் பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதைப் போக்கினால்தான் நூலுக்குப் பளபளப்பு வரும், சாயமும் ஒட்டும். தண்ணீர் கடினமாயிருந்தாலோ, அதிலுள்ள சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து திரிந்த பால் மாதிரி மிதக்கிறது. அது நூலில் ஒட்டிக்கொண்டால் சாயம் திட்டுத்திட்டாய்ப் பிடிக்கும். மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அந்த ஜாதி. பருப்புக்கூட வேகாது என்று அக்கா கல்யாணமான மறு மாதமே அம்மாவிடம் அழுதிருக்கிறாள். இருபது வருஷமாக மாமா நல்ல தண்ணீரை விலை கொடுத்துத்தான் வாங்கினார்.

ஊருக்கு மேற்கே, ஜவ்வாது மலை நீலமாய்த் தெரிகிற பக்கம், நாற்பது சென்ட் நிலம் கிணற்றோடு விலைக்கு வந்தது. மாமா பையிலிருந்து ஒரு துண்டுச் சோப்பை எடுத்து, அந்தத் தண்ணீரில் கையைக் கழுவினார். நுரை முழங்கை வரை பொங்கிற்று. அன்றைக்கே பேச்சு முடிந்தது. அக்காவின் நாலு பவுன் சங்கிலி வங்கிக்குப் போயிற்று. ஒரு மூலையில் சாயப் பட்டறை, பாக்கி இடத்தில் மல்பெரி, பையனுக்குத் தறியை விட்டால் ஒரு பிழைப்பு. இதுதான் திட்டம். மல்பெரிக்குச் செம்மண் பாங்கு உகந்தது என்று அவர் விசாரித்தும் வைத்திருந்தார்.

அட்டையைப் பார்த்தேன். கார அமில நிலை நடுநிலை, உப்பு இல்லை, தழைச்சத்து குறைவு, மற்றவை மத்திமம். பொருத்தம் பேஷாக இருந்தது. ஆனால் ஜோசியரைவிட ஒரு வைத்தியரிடம் காட்டுவது நல்லதென்று, மண் ஆராய்ச்சி இலாகாவில் முப்பது ஆண்டு குழி தோண்டி ஓய்வு பெற்ற ஒரு நண்பரை மறு ஞாயிறு அழைத்துப் போனேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "மண் எங்கே எடுத்தீங்க?"

மாமாவின் மகன் எடுத்திருக்கிறான். முறை தெரிந்த பையன். ஆங்கில 'வி' எழுத்துப் போல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டில் சீவி, பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாய்ப் பங்கிட்டுப் பங்கிட்டு அரைக் கிலோவாக்கியிருக்கிறான். ஆனால் அந்தப் பல இடங்களும் சாலையோரத்து மேட்டிலேயே இருந்தன. கீழ்ப்பக்கம் மண்வெட்டி இறங்கவில்லையாம்!

"இது அந்த மேட்டோட ஜாதகம். பள்ளத்துக்கு வேற ஜாதகம்" என்றார் நண்பர்.

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நம் தேசத்து மண்ணை வகைப்படுத்தும் காரியம் அப்படியொன்றும் பழையதல்ல. 1889-இல் வோல்க்கர் என்னும் ஆங்கிலேய ரசாயன நிபுணர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, 1893-இல் பெரிய அறிக்கை ஒன்றை அச்சிட்டார். 1892-இல் வேலைக்கு வந்த லெதர் என்னும் சர்க்கார் ரசாயனி, வண்டல், கரிசல், செம்மண், சரளைச் செம்மண்ணாகிய லேட்டரைட் என்று நாலே வகையில் இந்தியாவை அடக்கினார். பள்ளிக்கூடத்தில் நாம் நெட்டுருப் போட்டது பெரும்பாலும் அந்த நாலுதான். ஆரணியும் செம்மண், திருச்செந்தூர்த் தேரியும் செம்மண் என்றால், மனிதர்களைச் சிவப்பு, கறுப்பு என்று சொல்லிப் பெண் கொடுப்பதற்குச் சமானம். அதே காலத்தில் ருஷ்யாவில் டொக்குச்சாயெவ் என்பவர் 1883-இல் எழுதிய புத்தகத்தில், மண் என்பது வெறும் பொடிந்த பாறையல்ல என்று வாதாடியிருந்தார். பாறை, தட்பவெப்பம், செடி கொடி உயிர்கள், நிலத்தின் மேடு பள்ளம், காலம் ஆகிய ஐந்தும் கூடிப் பெற்ற பிள்ளை அது என்பது அவர் கட்சி. இன்றைய மண் நூல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலத்துக்குத் திரும்புவோம். இரண்டு ஆட்கள் இரண்டு குழி வெட்டினார்கள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. ஆளுயரக் குழி. மாமா விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டார். தறியில் உட்கார்ந்த பழக்கம். மிதிகட்டை ஒன்றுதான் இல்லை. "எங்க தறிக்குழி மூணடியோட நின்னுபோகும். அதுக்குக் கீழே இத்தனை இருக்கா?" என்று அதிசயப்பட்டார்.

மேட்டுக் குழியில் மேலே அரை அடிக்கு மணற்பாங்கான மண். அதன் கீழ் இரண்டடிக்கு நிறமும் களியும் ஏறிய மண். மழைநீர் மேல்மண்ணிலுள்ள நுண்ணிய களியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கீழே இறக்கி அங்கே சேர்த்திருக்கிறது. ஒரு தலைமுறை வேலையல்ல, ஆயிரக்கணக்கான வருஷத்து வேலை. அதற்கும் கீழே, கையால் நொறுக்கினால் உதிர்கிற மக்கிய பாறை.

நண்பர் பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் வர்ணச் சதுரங்கள். பாஸ்டன் நகரத்தில் சித்திரம் கற்பித்த மன்செல் என்னும் ஓவியர் 1905-இல் வெளியிட்ட வர்ண முறையை மண்ணுக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈரமாக்கிய மண்கட்டியைச் சதுரத்தோடு ஒட்டிப் பார்த்து, "2.5 ஒய்.ஆர். 3/6" என்று குறித்துக்கொண்டார்.

மாமா புத்தகத்தை வாங்கி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தார். சாயப் பட்டறைக்காரர் கண் அல்லவா? "அரக்கு. நல்லா காயாத அரக்கு" என்றார். இரண்டில் எது துல்லியம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஆரணியில் அரக்கு என்றால் பத்துப் பேருக்கும் ஒரே நிறம்தான் மனத்தில் வரும். எண் வேண்டியிருப்பது ஆரணியைத் தாண்டிய பிறகுதான்.

இந்த மண்ணுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரைக் கேட்டு மாமா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ரோடுஸ்டால்ஃப்! பிரித்துப் பார்த்தால் அத்தனை பரிகாசத்துக்கு உரியதில்லை. 'ரோடோ' என்பது கிரேக்க மொழியில் ரோஜா. 'உஸ்ட்' லத்தீனில் வெந்தது. 'ஆல்ஃப்' களி இறங்கித் தங்கிய மண் குடும்பத்தின் பெயர். வெந்த ரோஜா நிற மண். அதில் 'வெந்தது' என்ற சொல்லுக்குள் ஊரின் மழைக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. வருஷத்தில் மொத்தம் 90 நாளாவது மண்ணின் நடுப்பகுதி காய்ந்து கிடக்க வேண்டும். அதற்காகப் பாலைவனமாயும் இருக்கக் கூடாது. ஆரணிப் பக்கத்துக்கு ஆண்டுக்குச் சராசரி சுமார் 1000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்கிலும் பெய்கிறது, வடகிழக்கிலும் பெய்கிறது. மாசி பிறந்துவிட்டால் ஆனி வரை வானம் கண்ணைத் திறப்பது அபூர்வம். வானிலை இலாகாவுக்கு 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழை நாள். மாமாவுக்கோ, தெருவில் பாவு நீட்ட முடியாத நாளெல்லாம் மழை நாள். அடைமழையில் தறிக்குழியிலேயே ஊற்று எடுத்துவிடும். அந்த வாரம் கூலி கிடையாது. எந்த ஐப்பசியில் எத்தனை நாள் தறி நின்றது என்று அவர் சொல்லச் சொல்ல நண்பர் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

பள்ளத்துக் குழி வேறு விதம். நூறடி தூரம்தான், மண்ணோ சாம்பல் கலந்த பழுப்பு. மேலே ஓடு போல் ஒரு பொருக்கு. ஆழத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான் முடிச்சுகள். 1930-களில் மில்ன் என்பவர் ஆப்பிரிக்கக் குன்றுச் சரிவுகளில் இதையே பார்த்து, உச்சியிலிருந்து அடிவாரம் வரை மண் வகைகள் ஒரு சங்கிலி போலக் கோர்த்துக் கிடக்கின்றன என்று சொல்லி, சங்கிலிக்கு லத்தீனில் உள்ள 'கட்டினா' என்ற சொல்லையே பெயராக வைத்தார். மேட்டில் கழுவப்பட்டது பள்ளத்தில் வந்து தங்குகிறது. உப்பும் கூடவே வருகிறது. சங்கிலி என்றதும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கவலை அவளுக்கு.

படவேடு இங்கிருந்து எட்டும் தூரம்தான். கமண்டல நாகநதிக் கரையில் ரேணுகா தேவி தினமும் பச்சை மண்ணிலேயே குடம் வனைந்து தண்ணீர் மொண்டு வருவாளாம். மனம் ஒரு கணம் சலித்ததும் குடம் கரைந்துவிட்டதாம். அந்தக் கதையை நினைத்துக்கொண்டேன். ஏனெனில் நண்பர் அப்போது இரண்டு கண்ணாடித் தம்ளரில் சுத்தமான மழைத் தண்ணீர் கேட்டார்.

மேட்டு மண்ணில் உலர்ந்த ஒரு சிறு கட்டியை ஒன்றில் போட்டார். பள்ளத்து மண்ணில் ஒரு கட்டியை மற்றொன்றில். கலக்கவில்லை, ஆட்டவில்லை. நாங்கள் மர நிழலில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டோம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தால், மேட்டுக் கட்டி பொலபொலவென்று உதிர்ந்து அடியில் கிடந்தது. மேலே தண்ணீர் தெளிவு. பள்ளத்துக் கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றினாற்போல் ஒரு மேகம். அது அடியில் படியவே இல்லை.

"சோடியம்" என்றார் நண்பர். களித் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அந்த இடத்தில் சோடியம் புகுந்துவிட்டால் துகள்கள் பிரிந்து கரைந்து, மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்ளும். நீர் இறங்காது, வேரும் இறங்காது. நம்மவர்கள் 'களர்' என்று சொல்வது அதைத்தான்.

"இங்கே எங்கேயிருந்து வந்தது?"

நண்பர் கிணற்றைக் காட்டினார். மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பது நல்லதென்று பட்டது.

விஷயம் இதுதான். எந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருக்கிறதோ, அதில் சோப்பு அபாரமாய் நுரைக்கும். பட்டுக்கு அது அமிர்தம். மண்ணுக்கு மெதுவான விஷம். அதை அளப்பதற்கு 1950-இல் ஈட்டன் என்பவர் ஒரு கணக்குச் சொன்னார். கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டி, அதிலிருந்து கால்சியம், மக்னீசியத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் 1.25-க்குள் இருந்தால் பயமில்லை, 2.5-ஐத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது. இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் சீசாவில் அனுப்பினோம். நிலத்துக் கிணறு 2.5-ஐத் தாண்டியிருந்தது. வீட்டுக் கிணற்றில், அக்காவின் பருப்பை வேகவிடாத அந்தச் சண்டாளக் கிணற்றில், மிச்சமே இல்லை. இரண்டு கிணறும் இடம் மாறிப் பிறந்துவிட்டன!

முன்பு நிலம் வைத்திருந்தவர் பம்பு போட்டுப் பள்ளத்தில் வருஷக்கணக்காய் நெல் பயிரிட்டிருக்கிறார். வட ஆர்க்காட்டுக்கு இது புதுக் கதையில்லை. 1973-லும் 74-லும் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தங்கிப் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தபோது, கூட வந்த இலங்கைப் புவியியல் அறிஞர் மத்தும பண்டார, பம்புகள் பெருகியதால் நிலத்தடி நீருக்கு என்ன ஆகிறது என்பதைத் தனியாகவே எழுதினார். 1977-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அப்புறம் பம்புகள் குறைந்ததாகத் தகவல் இல்லை.

"போர் போட்டு ஆழத்துலே எடுத்தா நல்ல தண்ணி வருமா, சார்?" என்று மாமா கேட்டார். அதற்கும் ஒரு கடன் யோசித்து வைத்திருந்தார் போலும்.

"அதுவும் இதே பாறை இடுக்குத் தண்ணிதான். இதைவிடச் சுத்தமா இருக்கும்னு நம்பிக் கடன் வாங்காதீங்க" என்றார் நண்பர். பட்டறையை அங்கே வைக்கும் யோசனைக்கும் அவர் தலையாட்டவில்லை. சோடாவில் பட்டை வேக வைத்த கழிவு நீர் போய் நிற்கப்போவது அதே பள்ளத்தில்தான். கிணறு நாலு வருஷத்தில் செய்ததை அது நாலு மாதத்தில் செய்துவிடும்.

அன்று சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பேசி முடிவானது இவ்வளவுதான். பட்டறை இருந்த இடத்திலேயே இருக்கும். நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் டிரம்மில் ஏறிப் பட்டறைக்கு வரும். அந்தக் கிணற்றிலிருந்து நிலத்துக்கு ஒரு சொட்டும் பாய்ச்சுவதில்லை. மழையை நம்பி மேட்டில் மல்லாட்டை. வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். மல்லாட்டைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் எப்படியும் போடுவது வழக்கம். பள்ளத்துக்கு அதைவிடக் கூடவே போட்டு, வரப்புக் கட்டி, வடகிழக்கு மழையைத் தேக்கிச் சோடியத்தைக் கீழே கழுவ வேண்டும். ஒரு மழையில் ஆகிற காரியமில்லை. மல்பெரியை மூன்று வருஷம் கழித்து யோசிக்கலாம் என்று நண்பர் சொல்லிவிட்டார்.

அக்கா உள்ளேயிருந்து வந்து, "மூணு வருஷமா? அப்போ சங்கிலி?" என்று கேட்டாள்.

மாமா பதில் சொல்லாமல், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த மேட்டு மண்கட்டியை எடுத்துப் பையனிடம் கொடுத்து, "அடுத்த பாவுக்கு இந்த அரக்கு வருதா பாரு" என்றார்.